மரச்சூட்டு வகுப்பில் பதினோரு பேர்

பொய்யில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. ரவுண்டான எண்ணிக்கையைச் சொல்லவே கூடாது. பத்துப் பேர் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பதினோரு பேர் என்றால், அந்தப் பதினோராவது ஆள் யாராக இருக்கும் என்று யோசிப்பதிலேயே கேட்பவரின் சந்தேகம் செலவழிந்துவிடும்.

அதனால்தான் மகள் போனில், "கிளாஸுக்கு எத்தனை பேர்ப்பா வர்றாங்க?" என்று கேட்டபோது, "பதினொண்ணு" என்றேன்.

வகுப்பு என்று ஒன்று கிடையாது. நான் நாற்பத்திரண்டு வருஷம் ரேடியோ ரிப்பேர் செய்தவன். செவ்வாய்க்கிழமை மட்டும் பேசும் ரேடியோவைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ஒரு பெட்டியை அளவுக்கு மீறிச் சரிசெய்துவிட்டேன். அது நாளைய செய்தியை இன்றே வாசிக்க ஆரம்பித்துவிட்டது. சொந்தக்காரர் மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வந்து, "இதுல ஒரு சுவாரஸ்யமும் இல்லீங்க, பழையபடி கெடுத்துக் குடுத்துடுங்க" என்றார். கெடுத்துக் கொடுத்தேன். அதற்கும் கூலி வாங்கவில்லை. அப்படி வாழ்ந்த ஆள், இப்போது மூன்றாவது மாடியில் ஓர் அறையில் இருக்கிறேன். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் துணி காய்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை இல்லாமல், ஓடுகிற கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பேசிக்கொண்டே சால்டரிங் அயர்னை மேஜைமேல் வைத்துவிட்டேன். மேஜை புகைந்தது. நான் இருமினேன்.

"என்னப்பா, என்ன பண்றீங்க?"

ஒன்றும் பண்ணவில்லை என்று நான்கு ஞாயிறாகச் சொல்லியாகிவிட்டது. ஐந்தாவது தடவை சொன்னால் அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அவள் வீட்டு பால்கனிக்குக் கண்ணாடி போட்டு அறை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறாள். எனக்காக. மாப்பிள்ளையும் தங்கமான ஆள். ஆனால் அங்கே போனால் நான் ரேடியோக்காரன் இல்லை; 'உள்ளே அப்பா தூங்குறாரு, டிவி சத்தத்தைக் குறை' ஆகிவிடுவேன். மேஜையில் விழுந்த கறுப்புத் தழும்பைப் பார்த்தபடி சொன்னேன்:

"கிளாஸ் எடுக்குறேம்மா. மரத்துல சூடு போட்டுப் படம் வரையிற கிளாஸ்."

அப்புறம்தான் எண்ணிக்கை கேட்டாள். பதினொண்ணு என்றதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. அடுத்த மாதம் கண்காட்சி வைக்கிறோம் என்றும் சொல்லிவிட்டேன். மறுமுனையில் காலண்டர் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இருபதாம் தேதி லீவு போட்டுட்டு வரேன்ப்பா. பாத்தே ஆகணும்" என்றாள். "பாத்துட்டேன்னா எனக்கும் நிம்மதி. அந்த பால்கனிப் பேச்சை விட்டுடுறேன்."

ஆக, இருபத்துமூன்று நாள். பதினோரு பலகை. இல்லாவிட்டால் பால்கனி.

மரக்கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரரை எல்லோரும் ரம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மரம் அறுப்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அறுத்து மிஞ்சிய துண்டுகளில் வெளுத்த, கணு இல்லாத, இரண்டு உள்ளங்கை அகலமுள்ள பலகைகளாகப் பொறுக்கினேன். ஒட்டுப்பலகை வேண்டாம் என்றேன். சூடு பட்டால் உள்ளே இருக்கும் பசை நாறும்.

"எதுக்கு சார் இது?"

"படம் போட."

"உங்களுக்கு வரைய வருமா?"

"ரேடியோவுக்குள்ள இருக்குற அத்தனை கம்பியையும் கண்ணை மூடிக்கிட்டு வரைவேன்."

"அது வேற சார்" என்றார். அது வேறுதான் என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கி, அயர்னின் முனையை அரத்தால் ராவிக் கூராக்கி, காலண்டரைப் பார்த்து ஒரு மயில் வரைந்தேன். மூன்று நாள் ஆயிற்று. ரம்பத்திடம் காட்டினேன்.

"நல்லா இருக்கு சார். குடைதானே?"

"மயிலு."

"மயிலு எதுக்கு சார் குடை பிடிச்சிருக்கு?"

ரோஜா வரைந்தேன். அது முட்டைக்கோஸாக இருந்தது. பென்சில் என்றால் அழித்துவிடலாம். சூட்டுக்கு அழிப்பான் கிடையாது. தப்பை மறைக்க வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் பெரிய தப்பாகச் செய்வதுதான் வழி. முட்டைக்கோஸை மேகமாக்கி, மேகத்தை மலையாக்கி, கடைசியில் பலகை முழுக்கக் கறுப்பாகி, ராத்திரி என்று பெயர் வைத்து அடுப்பு மேடையில் சூடான பாத்திரம் இறக்கிவைக்க எடுத்துக்கொண்டேன்.

யோசனை வரவில்லை. கையில் சூடு இருக்கிறது, எதிரில் மரம் இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. தெருவில் இறங்கி நடந்தேன், ஏதாவது கண்ணில் பட்டு வரைய வைக்காதா என்று. மருந்துக்கடை, சலவைக்கடை, பஸ் நிறுத்தம், வெயிலில் தூங்கும் நாய். எல்லாம் அதது பாட்டுக்கு முழுசாக இருந்தது. என்னை யாரும் எதற்கும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் நடந்ததில் என்னோடு பேசியது சலவைக்கடைக்காரர் ஒருவர்தான். அவரும், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது" என்றார்.

எட்டு நாள் போய்விட்டது. பலகை வராவிட்டாலும் பொய்யாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வருகைப் பதிவேடு ஆரம்பித்தேன். மகள் கேட்டால் சொல்ல ஆட்கள் வேண்டுமே. முதல் வரியில் 'பஸ் கண்டக்டர்' என்று எழுதினேன்.

எழுதிய உடனே அவர் என்ன வரைவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கைகள். வேறென்ன? காலை முதல் மாலை வரை அவர் பார்ப்பது மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கும் கைகள்தானே. வளையல் போட்ட கை, வாட்ச் கட்டிய கை, மோதிரம் கழற்றிய இடத்தில் வெளுத்த கை. முகம் ஒன்றுகூட இல்லை. அயர்னை எடுத்தேன். ஒரே மூச்சில் ஏழு கை. மறுநாள் ரம்பம் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையிலேயே அதுதான் நீண்ட மௌனமாக இருக்கும். பிறகு, "அந்த மூணாவது கை எங்க அண்ணனுது மாதிரியே இருக்கு சார்" என்றார்.

அதற்கப்புறம் வெள்ளம்தான். நானாக உட்கார்ந்தால் ஒன்றும் வராது. தையல்கார அம்மாவாக உட்கார்ந்தால், கழுத்தே இல்லாத ஒரு காலர், அதன் உள்பக்கத் தையல் ஒன்றுவிடாமல் வந்தது. பூட்டு ரிப்பேர்காரர் சாவித்துவாரத்தையும் அதன் வழியே தெரிந்த ஒரு சமையலறைக் குழாயையும் போட்டார். பாஸ்போர்ட் படம் எடுப்பவர், ஆள் எழுந்துபோன பிறகு சிரித்துக்கொண்டிருக்கும் வெறும் ஸ்டூலைப் போட்டார். ஸ்டூல் எப்படிச் சிரிக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். பலகையைப் பார்த்தால் கேட்க மாட்டீர்கள்.

வகுப்பு காலை பத்துக்கு. இரண்டாவது நாற்காலியிலிருந்து துணியை எடுத்துவிட்டேன். கண்டக்டர் நின்றே பழகியவர், அவருக்கு நாற்காலி வேண்டாம். நர்ஸம்மா டியூட்டி முடிந்து தூங்கி வழிந்துகொண்டு வருவாள். தையல்கார அம்மாவுக்கும் பூட்டுக்காரருக்கும் ஆகாது. பூட்டுக்காரர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டார், பலகையை மட்டும் பார்ப்பார். பல் டாக்டர்தான் பிரச்சினை. பல் வரையச் சொன்னேன்.

"நாள் பூரா அதைத்தானே சார் பாக்குறேன். இங்கயுமா?"

"அப்ப வேற என்ன வரையப் போறீங்க?"

"தெரிஞ்சா நான் ஏன் கிளாஸுக்கு வரேன்?"

நியாயமான கேள்வி. இரண்டு நாள் அவர் வெறும் பலகையோடு உட்கார்ந்திருந்தார். நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன் என்று நினைக்கிறேன். கண்காட்சிக்கு நாள் இல்லை, ஆளுக்கு ஆள் இப்படி அடம்பிடித்தால் எப்படி என்று கேட்டுவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை அவர் வரவில்லை.

சொன்னால் சிரிப்பீர்கள். நானே உண்டாக்கிய ஆள். நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிற ஆள். பத்தரை வரை காத்திருந்தேன், பதினொன்று வரை காத்திருந்தேன், வரவில்லை. அயர்ன் சூடேறிக் கிடந்தது. அவராக உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. மற்றவர்களும் அன்று ஒவ்வொருவராக எழுந்துபோய்விட்டார்கள். அறை இவ்வளவு பெரியது என்று அன்றுதான் கவனித்தேன். அயர்னைப் பிடுங்கிவிட்டு, நோட்டில் அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினேன்.

சனிக்கிழமை வந்தார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. நேராக உட்கார்ந்து ஒரு படகு வரைந்தார். கரையில் கட்டிப் போட்ட படகு. ஆள் இல்லை.

இருபதாம் தேதி காலை பதினோரு பலகையும் சுவரில் ஏறிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சீட்டு: 'கண்டக்டர்', 'நர்ஸ்', 'பல் டாக்டர்'. மகள் பத்து மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பார்த்தவள், ஒரு செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா!"

"நான் ஒண்ணும் பண்ணல. கத்துக்குடுத்ததோட சரி."

"இந்தக் கண்டக்டர் எப்படிப் பண்ணியிருக்காரு பாருங்களேன்!"

"நின்னுக்கிட்டே பண்ணாரு. உக்காரச் சொன்னா கேக்க மாட்டாரு."

சிரித்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் ஒவ்வொருவரைப் பற்றியும் சொன்னேன். நர்ஸம்மாவின் மாமியார் கதை, பூட்டுக்காரர் தன் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு மூன்று நாள் வெளியே படுத்த கதை. எனக்கே புதிதாக இருந்தது. அவள் 'உம்' கொட்டிக்கொண்டே வந்தாள். கடைசிப் பலகை முடிந்ததும் திரும்பினாள்.

"எல்லாம் சரி. இதுல உங்களோடது எது?"

எழுபத்துநாலு வருஷத்தில் எனக்குப் பொய் வராமல் போனது அந்த ஒரு இடத்தில்தான். கை தவறி விழுந்து உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யாரோ ரசிகர் கேட்டு வாங்கிப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. பதினோரு பேருக்கு யோசித்தவன், பன்னிரண்டாவதாக ஓர் ஆள் இருப்பதையே மறந்துபோயிருந்தேன்.

"வாத்தியார் வரையக் கூடாதும்மா" என்றேன். எனக்கே சொத்தையாகப் பட்டது.

மறுபடியும் முதல் பலகைக்குப் போனாள். இப்போது படத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி லேபில் பதினெட்டு வருஷமாக மைக்ராஸ்கோப் பார்க்கிறவள். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் ஒரு கண்ணைச் சுருக்கினாள். விரல் நுனியை ஒரு கையின் மணிக்கட்டில் வைத்தாள். அப்புறம் படகின் மூக்கில். அப்புறம் காலரின் முனையில்.

"இந்தப் புள்ளி என்னப்பா?"

பார்த்தேன். கோடும் கோடும் சேர்கிற இடத்தில் எல்லாம் கடுகளவு கறுப்புப் புள்ளி. ஒவ்வொரு பலகையிலும். மரத்தில் சூடு போடுகிறவன் மூலையில் நிற்கவே கூடாது, நின்றால் கருகும். ஆனால் ரேடியோவில் கம்பியும் கம்பியும் சேர்கிற இடத்தில் முனையை வைத்து ஒண்ணு, ரெண்டு என்று எண்ணாமல் எடுத்தால் ஈயம் பிடிக்காது. நாற்பத்திரண்டு வருஷம் எண்ணிய கை. பல் டாக்டர் கையிலும் எண்ணியிருக்கிறது, நர்ஸ் கையிலும் எண்ணியிருக்கிறது. நான் அதைப் பார்க்கவே இல்லை. சேர்கிற இடம் அப்படித்தான் இருக்கும் என்பது என் கணக்கு.

"பதினோரு கண்ணாடித் துண்டுல வச்சுப் பாத்தாலும், ஒரே ஆளு ரத்தம்னா எனக்குத் தெரியும்ப்பா" என்றாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். பிறகு அவள் அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"பல் டாக்டர் ஏன் படகு போட்டாரு?"

"நாள் பூரா எல்லாரும் அவரு முன்னாடி வாயைத் தொறக்குறாங்க. ஒருத்தரும் பேசுறதில்லம்மா. அதான் போல."

அவள் என்னையே பார்த்தாள். நான் படகை மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தேன்.

"கிளம்புங்கப்பா, போலாம்."

"பால்கனிக்கா?"

"பால்கனின்னு சொல்லாதீங்க, ரூமு அது."

"கண்ணாடி ரூமுல உக்காத்தி வச்சா நான் என்ன மீனா?"

"மீனு பொய் சொல்லாது."

அவள் அம்மாவும் இப்படித்தான்; வருஷத்துக்கு ஒரு தடவை பேசினாலும் முடித்துவிடுவாள். பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து, அந்தக் கண்ணாடி அறைக்குள் அடங்குமா என்று கட்டிலை அளந்தாள். ஆறடி இரண்டங்குலம். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

"இழுத்துக்கிட்டுப் போக மாட்டேன். ஒரு மாசம் தரேன். உங்களோடதுன்னு ஒரு பலகை, ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. கண்டக்டரும் வேணாம், நர்ஸும் வேணாம். நீங்க பாத்தது, உங்களுக்குத் தோணுனது. அது இருந்தா, இந்த ரூமுல உங்களுக்கு ஏதோ இருக்குன்னு நான் ஒத்துக்குறேன். இல்லன்னா கட்டிலைக் கழட்ட ஆளோட வருவேன்."

"நியாயமாத்தான் இருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?

இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் ஜன்னலுக்குப் போனேன். கட்டடத்து வாசலில் அவள் வெளிப்பட்டாள். மூன்று மாடி உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர்களுக்கு முகம் கிடையாது. உச்சந்தலை, இரண்டு தோள், மாறி மாறி எட்டிப் பார்க்கும் கால்விரல்கள், அவ்வளவுதான். அவளுடைய வகிடு தெரிந்தது. உச்சியிலிருந்து பின்னந்தலைவரை ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. எதிரில் உட்கார்ந்திருந்தபோது அது தெரியவில்லை. முன்பக்கம் மட்டும் மை போட்டு வாரியிருக்கிறாள். இந்தக் குழந்தைக்கு எப்போது நரைத்தது? யாரைக் கேட்பது? பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். திரும்பிப் பார்க்கவில்லை. சலவைக்கடை தாண்டி, மருந்துக்கடை தாண்டி, புள்ளியாகி, பஸ் நிறுத்தத்துக் கூரைக்குள் போய்விட்டாள். பஸ் வந்து போனது. அதற்குப் பின்னும் நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. பிடித்த ஜன்னல் கம்பியின் துரு உள்ளங்கையில் அச்சாக ஒட்டியிருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு யாரும் வரவில்லை. நானும் யாரையும் கூப்பிடவில்லை. மிச்சமிருந்த ஒரே பலகையை எடுத்தேன். மரத்தில் வெள்ளை போட முடியாது. வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, சுற்றிலும் கருக்க வேண்டும். அதனால் வகிட்டை விட்டுவிட்டு முடியை மட்டும் போட்டேன். இழை இழையாக, இரண்டு நாள். முடி ஒன்றோடொன்று சேர்வதில்லை, பக்கத்தில் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். கை எங்கேயும் நின்று எண்ணவில்லை. தோள், பை, எட்டிப் பார்க்கும் ஒரு கால். சுற்றிலும் தெரு எதுவும் போடவில்லை.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வசமாக மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. இதைக் காட்டினால், அவள் போவதை நான் எவ்வளவு நேரம் நின்று பார்த்தேன் என்பது லேப் வேலை தெரியாதவர்களுக்கே தெரிந்துவிடும். உடனே அழைத்துக்கொண்டு போவாள். காட்டாவிட்டால் ஒப்பந்தப்படி அழைத்துக்கொண்டு போவாள். எப்படிப் பார்த்தாலும் பெட்டி கட்ட வேண்டியதுதான். விசித்திரம் என்னவென்றால், அப்படித் தோன்றியதும் நான் காபி போட்டு உட்கார்ந்து நிதானமாகக் குடித்தேன்.

பிறகு போன் செய்தேன். எப்போதும் அவள்தான் செய்வாள்.

"அப்பா? என்னாச்சு? இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே!"

"ஒண்ணும் ஆகல. அந்தக் கட்டில் விஷயம்."

"என்ன கட்டில்?"

"நீ அளந்துட்டுப் போனப்புறம் அது ரெண்டு அங்குலம் வளந்துடுச்சும்மா. உன் அளவு இப்ப சரிவராது."

அந்தப் பக்கம் லேபில் சுற்றிக்கொண்டிருந்த ஏதோ மெஷினை அவள் நிறுத்தும் சத்தம் கேட்டது.

"கட்டில் வளருமாப்பா?"

"நல்ல மரம். பழசு. எதுக்கும் நேர்ல வந்து இன்னொரு தடவை அளந்துக்கோ. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா, ஒரு பக்கம் பிடிக்க ஆள் வேணும்."

"ஞாயித்துக்கிழமை வரோம்" என்றாள்.

"சரிம்மா. வரும்போது பெரிய டேப்பா கொண்டா" என்றேன்.